மூளையில் சிப் வைத்தால் அப்பா மறுபடியும் பேசுவாரா?

பிச்சிப்பூ_தோவாளை:

எல்லோருக்கும் வணக்கம். இங்கே இதுவரை வாசித்திருக்கிறேனே தவிர எழுதியதில்லை. இப்போது கேட்க வேறு இடம் தெரியவில்லை.

அப்பாவுக்கு 61 வயது. தோவாளைப் பூச்சந்தையில் 34 வருடமாகக் கமிஷன் கடை. விடியும் முன்னே போய் நின்று ஏலம் கூறுவார். பிச்சி, மல்லி, கேந்தி, அரளி என்று அவர் விலை சொன்னால் சந்தையின் அந்தக் கடைசி வரைக்கும் கேட்கும். மைக் எல்லாம் கிடையாது.

போன ஐப்பசியில் நாக்கு குழற ஆரம்பித்தது. ஒரு சொட்டுக்கூடக் குடிக்காத மனிதர். சந்தையில் இரண்டு பேர் "அண்ணாச்சி காலையிலேயே போட்டுட்டு வந்துட்டாரு" என்று பேசிக்கொண்டது அவர் காதில் விழுந்துவிட்டது. அன்றைக்கு வீட்டுக்கு வந்து சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தவர், மறுநாள் கடைக்குப் போகவில்லை. அதற்குப் பிறகும் போகவில்லை.

முதலில் பல் டாக்டர், அப்புறம் தொண்டை டாக்டர், கடைசியில் நரம்பு டாக்டர். ஏழு மாதம் ஓடிவிட்டது. தசைகளை அசைக்கிற நரம்புகள் அழிகிற ஏ.எல்.எஸ் வியாதி, அதிலும் தொண்டையில் தொடங்குகிற வகை என்று சொன்னார்கள். இப்போது அவர் பேசுவதில் எனக்குப் பாதி புரிகிறது, அம்மைக்கு முக்கால்வாசி, தம்பிக்கு ஒன்றுமே புரிவதில்லை. வலது கையிலும் பலம் போய்விட்டதால் எழுதிக் காட்டவும் முடியவில்லை. என்னை "மக்ளே" என்றுதான் கூப்பிடுவார். இப்போது அதில் "ம" மட்டும் வருகிறது.

சித்தப்பா மகன் ஒரு வீடியோ அனுப்பினான். அமெரிக்காவில் இதே வியாதி உள்ள ஒருவர் தலையில் வயர் மாட்டியிருக்கிறார். உதட்டை லேசாக அசைக்கிறார், திரையில் எழுத்து ஓடுகிறது, அப்புறம் அவருடைய பழைய குரலிலேயே கம்ப்யூட்டர் பேசுகிறது. அதைப் பார்த்த அன்று இரவு நாங்கள் யாரும் தூங்கவில்லை.

என் கேள்விகள் இவைதான். அது உண்மையா? உண்மை என்றால் அப்பாவுக்கு வைக்க முடியுமா? தமிழ் பேசுமா? மனதில் நினைப்பதெல்லாம் வெளியே வந்துவிடுமா? (அம்மை இதைத்தான் முதலில் கேட்டார்.) தெரிந்தவர் மூலமாக ஒரு ஏஜென்ட் வந்தார். 18 லட்சம் கட்டினால் வெளிநாட்டில் ஏற்பாடு செய்து தருவதாகச் சொல்கிறார். தம்பி 22 சென்ட் நிலத்தை விற்கத் தயாராகிவிட்டான். வருகிற வெள்ளிக்கிழமை முன்பணம் கொடுப்பதாகப் பேச்சு. தெரிந்தவர்கள் தயவுசெய்து சொல்லுங்கள்.

வாய்மொழி_மதுரை:

தங்கச்சி, முதலில் வெள்ளிக்கிழமை விஷயத்தை முடித்துவிடுகிறேன். ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள்.

நான் 19 வருடமாகப் பேச்சுப் பயிற்சி கொடுக்கிறேன். பக்கவாதம் வந்தவர்கள், ஏ.எல்.எஸ் வந்தவர்கள்தான் என்னிடம் அதிகம். நீங்கள் பார்த்த வீடியோவில் இருப்பவர் கேசி ஹாரெல் என்று நினைக்கிறேன். வீடியோ முழுக்க உண்மை. ஆனால் அவருக்கு வைத்திருப்பது காசு கொடுத்து வாங்கிய கருவி இல்லை. கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தில் நடக்கும் ஆய்வில் அவர் சேர்ந்திருக்கிறார். பிரெயின்கேட் என்பது அந்த ஆய்வின் பெயர். அதில் சேருகிறவர்களிடம் கருவிக்கு என்று விலை வாங்குவதில்லை. ஆய்வு நடக்கிற இடத்திலிருந்து சில மணி நேரக் கார்ப் பயணத்துக்குள் குடியிருப்பவர்களைத்தான் எடுக்கிறார்கள், ஏனென்றால் ஆய்வுக்காரர்கள் வாரா வாரம் வீட்டுக்கே வந்து கருவியோடு உட்கார வேண்டியிருக்கிறது. தோவாளையிலிருந்து ஒருவரை அழைத்துப்போய் இதில் சேர்த்துவிடுகிறேன் என்று ஏஜென்ட் சொல்வது நடக்கிற காரியம் இல்லை.

இனி அது எப்படி வேலை செய்கிறது என்று சொல்கிறேன். அப்பாவிடமும் இதைச் சொல்லுங்கள். அவருக்குத் தெரிய வேண்டியது.

பேசுவது என்பது உதடு, நாக்கு, தாடை, குரல்வளை எல்லாம் சேர்ந்து செய்கிற வேலை. மூளையின் மேற்பரப்பில் ஒரு பகுதி அவற்றை அசைக்க ஆணை போடுகிறது. ஏ.எல்.எஸ் வியாதியில் அந்த ஆணையைத் தசைக்குக் கொண்டுபோகிற நரம்புகள் அழிகின்றன. ஆணை போடுகிற இடத்தில் வேலை நின்றுபோவதில்லை. உங்கள் அப்பா "மக்ளே" என்று சொல்ல முயலும்போது மூளையில் முழுச் சொல்லும் கிளம்புகிறது. "ம" உதட்டிலும் மூக்கிலும் முடிகிற ஒலி, அதனால் தப்பித்து வெளியே வருகிறது. "ள" சொல்ல நாக்கு நுனியை மேலே வளைக்க வேண்டும். தொண்டையில் தொடங்கும் வகையில் நாக்குதான் சீக்கிரம் தளர்கிறது. அவர் உங்களை முழுதாகத்தான் கூப்பிடுகிறார்.

ஹாரெலுக்கு 2023 ஜூலையில் டேவிட் பிராண்ட்மேன் என்ற அறுவைச் சிகிச்சை நிபுணர், மூளையின் இடப்பக்கத்தில் அந்த ஆணைப் பகுதியில் நாலு சின்னத் தகடுகளைப் பதித்தார். ஒவ்வொன்றும் 3.2 மில்லிமீட்டர் சதுரம், அதில் 64 ஊசிகள், ஊசியின் நீளம் 1.5 மில்லிமீட்டர். மொத்தம் 256 ஊசிகள் பக்கத்து நரம்பணுக்களின் துடிப்பைக் கேட்கின்றன. அங்கிருந்து வயர் மண்டையோட்டுக்கு வெளியே ஒரு முளை வரை வருகிறது. பேசும்போது அந்த முளையில் கேபிள் மாட்ட வேண்டும். கம்ப்யூட்டர் ஒரு நொடிக்குப் பன்னிரண்டு தடவைக்கு மேல் "இப்போது எந்த ஒலியைச் சொல்ல முயல்கிறார்" என்று கணிக்கிறது. ஒலிகளைக் கோத்துச் சொல்லாக்குகிறது, சொற்களைக் கோத்து வாக்கியமாக்குகிறது.

ஆபரேஷன் முடிந்து 25 நாளில் முதல் முறையாகக் கருவியை மாட்டினார்கள். அரை மணி நேரப் பயிற்சியில் 50 சொற்களை 99.6 சதவீதம் சரியாகப் பிடித்தது. அடுத்த அமர்வில் 125,000 சொற்களுக்குத் தாவினார்கள். எட்டு மாதத்துக்கும் மேலாக 97.5 சதவீதத்தில் நின்றது, அதில் 248 மணி நேரம் அவர் சொந்தமாக உரையாடியிருக்கிறார். முதல் நாள் தன் சொற்கள் திரையில் சரியாக வந்ததைப் பார்த்து அவர் அழுதார், அறையில் இருந்தவர்களும் அழுதார்கள். வேகம் நிமிடத்துக்கு 32 சொல். சாதாரணமாக ஆங்கிலம் பேசுகிறவர்கள் 160 சொல் பேசுவார்கள். ஐந்தில் ஒரு பங்குதான் என்று தோன்றலாம். அப்பா ஒரு வாக்கியத்தைப் புரியவைக்க இன்று எவ்வளவு நேரம் போராடுகிறார் என்று பாருங்கள், அப்போது அந்த 32 எவ்வளவு பெரியது என்று தெரியும்.

இவருக்கு முன்னே ஸ்டான்ஃபோர்டில் பேட் பென்னட் என்ற அம்மாவுக்கும் இதே போல வைத்தார்கள், அவருக்கும் ஏ.எல்.எஸ்தான். நிமிடத்துக்கு 62 சொல், ஆனால் நாலில் ஒரு சொல் தப்பாக வந்தது. கனடாவைச் சேர்ந்த ஆன் ஜான்சன் கதை வேறு. கணக்கு டீச்சர், 30 வயதில் மூளைத்தண்டில் ஸ்ட்ரோக் வந்து குரல் போய், 18 வருடம் பேச்சில்லாமல் இருந்தவர். சான் ஃபிரான்சிஸ்கோவில் எட்வர்ட் சாங் குழு, ஊசி குத்தாமல் மூளையின் மேலே விரிக்கிற 253 முனைத் தாளை அவருக்கு வைத்தது.

இந்த மூன்று பேர் கதையில் உங்களுக்கு இன்றே உதவுகிற ஒன்று இருக்கிறது. ஹாரெலின் குரலை எங்கிருந்து எடுத்தார்கள் தெரியுமா? வியாதி வருவதற்கு முன் பதிவான அவருடைய பேச்சிலிருந்து. ஆன் ஜான்சனின் குரல், அவருடைய கல்யாண வீடியோவில் அவர் பேசிய பேச்சிலிருந்து. ஊசியும் தகடும் மூளையின் ஆணையைத்தான் வாங்கித் தரும். குரலின் நிறத்தைத் தராது. அதைப் பழைய பதிவுதான் தரும்.

ஆகவே உங்கள் வீட்டில் உள்ள எல்லாப் போனையும் இன்று இரவே தேடுங்கள். அப்பா அனுப்பிய வாட்ஸ்அப் குரல் செய்திகள், தம்பி கல்யாண வீடியோ, சாமி கும்பிடப் போன வீடியோ, யாராவது கால் ரெக்கார்டு வைத்திருந்தால் அதுவும். சந்தையில் அவரோடு வியாபாரம் செய்தவர்களிடமும் கேளுங்கள், விலை கேட்டு அனுப்பியவர்களுக்கு அவர் குரலிலேயே பதில் போட்டிருப்பார். எல்லாவற்றையும் ஒரு பென்டிரைவிலும் ஒரு கம்ப்யூட்டரிலுமாக இரண்டு இடத்தில் வையுங்கள். போன் தண்ணீரில் விழுந்து ஒரு குடும்பம் மொத்தத்தையும் இழந்ததை நான் பார்த்திருக்கிறேன். மூளைக் கருவி அப்பாவுக்குக் கிடைக்காமலே போகலாம். ஆனால் டைப் செய்ததைச் சொந்தக் குரல் போலப் பேசவைக்கிற மென்பொருள் இப்போதே இருக்கிறது, அது நாளுக்கு நாள் குறைந்த பதிவிலேயே வேலை செய்யக் கற்றுக்கொள்கிறது.

இன்றைய குழறல் பேச்சையும் பதிவு செய்யுங்கள். அந்த "ம"வையும்.

அடுத்தது எழுத்துப் பலகை. நாலு முழு சார்ட் பேப்பர், ஒரு மார்க்கர் போதும். தமிழில் 247 எழுத்தையும் எழுதி நீட்டினால் யாருக்கும் கண் சுற்றும். வரிசை வரிசையாகப் பிரியுங்கள். முதல் வரிசையில் உயிர் 12. அடுத்து மெய்யை மூன்று வரிசையாகப் போடுங்கள்: க ச ட த ப ற ஒன்றில், ங ஞ ண ந ம ன ஒன்றில், ய ர ல வ ழ ள ஒன்றில். கிரந்த எழுத்துகள் கடைசியில். நீங்கள் "ஒன்று, இரண்டு, மூன்று" என்று வரிசையைச் சொல்லுங்கள், அவர் கண்ணை மூடித் திறக்கிற இடத்தில் நில்லுங்கள். அப்புறம் அந்த வரிசையில் ஒவ்வோர் எழுத்தாகச் சொல்லுங்கள். மெய் கிடைத்ததும் உயிருக்குப் போங்கள். "ப" கிடைத்து "ஊ" கிடைத்தால் "பூ". வல்லினம், மெல்லினம், இடையினம் என்று பள்ளியில் படித்தவர்களுக்கு இரண்டே நாளில் வரிசை மனப்பாடம் ஆகிவிடும், அப்புறம் பலகையைப் பார்க்கவே வேண்டாம்.

பலகையின் பின்பக்கம் முழு வாக்கியங்கள் எழுதலாம். சளி எடு, பக்கம் திருப்பு, கொசு, ஃபேன், தலையணை. ஆரம்பத்தில் நான் இந்த மாதிரித் தேவைகளை மட்டும்தான் எழுதிக் கொடுப்பேன். ஒரு பெரியவர், லாரி ஓட்டியவர், எழுத்து எழுத்தாகத் தேடி என்னிடம் கேட்டார்: "பொய்", "போதும்", "நீ பேசாதே" இந்த மூன்றையும் பின்பக்கம் எழுது என்று. அன்றிலிருந்து யாருக்குப் பலகை செய்தாலும் முதலில் கேட்கிறேன், உங்களுக்கு எந்தெந்தச் சொல் வேண்டும் என்று.

போனில் செய்வதானால் கூகுளின் லுக் டு ஸ்பீக் என்ற இலவச ஆப் இருக்கிறது. கண்ணை இடம், வலம், மேலே அசைத்து வாக்கியத்தைத் தேர்ந்தெடுக்கலாம். சென்னையில் உருவான ஆவாஸ் ஆப் குழந்தைகளுக்காக வந்தது, தமிழிலும் இருக்கிறது, அதையும் பார்க்கலாம்.

அப்புறம் ஒன்று. தொண்டையில் தொடங்கும் வகை என்றால் விழுங்குவதும் மூச்சும் சீக்கிரம் சிரமமாகும். உணவு செலுத்தும் குழாய் எப்போது வைக்கலாம், இரவில் மூச்சுக்கு மெஷின் வேண்டுமா என்று நரம்பு டாக்டரிடம் இந்த மாதமே கேளுங்கள், தள்ளிப்போடாதீர்கள்.

நீங்கள் எழுதியதை இரண்டு தடவை படித்தேன். தம்பி தயார், ஏஜென்ட் தயார், அம்மாவுக்கும் ஒரு கேள்வி இருக்கிறது. அப்பாவிடம் யாராவது கேட்டீர்களா?

அலைவரிசை:

அக்கா, நான் சிக்னல் பிராசஸிங் படிப்பவன். தமிழ் பேசுமா, நினைப்பதெல்லாம் வெளியே வருமா என்ற இரண்டு கேள்விக்கும் தெரிந்ததைச் சொல்கிறேன்.

ஹாரெலின் கருவி ஆங்கிலத்தின் 39 ஒலிகளுக்குப் பழக்கப்பட்டது. ஒலி என்பது வாய் அசைவுதான் என்பதால் தமிழுக்கு மாற்றக் கொள்கை அளவில் தடை ஏதும் இல்லை. இதற்கு ஒரு நல்ல சான்றும் உண்டு. சான் ஃபிரான்சிஸ்கோ குழுவின் முதல் நபரைப் பான்சோ என்ற செல்லப்பெயரில்தான் சொல்கிறார்கள். 2021ல் வெறும் 50 சொற்களோடு இந்தத் துறையையே தொடங்கிவைத்தவர் அவர். தாய்மொழி ஸ்பானிஷ். ஆங்கிலம் கற்றதே ஸ்ட்ரோக் வந்த பிறகுதான். 2024ல் அவர் மூளையிலிருந்து இரண்டு மொழியையும் எடுத்தார்கள். எந்த மொழியில் பேச முயல்கிறார் என்பதையும் கருவியே கண்டுபிடித்தது. ஒரு மொழியில் கிடைத்த பயிற்சி இன்னொன்றைச் சீக்கிரம் பழக்க உதவியது, ஏனென்றால் இரண்டுக்கும் மூளையில் ஒரே இடம்தான் துடிக்கிறது. தாய்மொழி வேறாக இருப்பவர்களுக்கு எல்லாம் நம்பிக்கை தந்த ஆய்வு அது.

தமிழில் சிக்கல் அடுத்த படியில் வரும். ஒலியைச் சொல்லாக்குவதற்கு ஒரு சொற்பட்டியல் வேண்டும். "பூ" ஒரு சொல். பூவை, பூவுக்கு, பூவில்தான், பூக்காரங்ககிட்ட என்று அது வளர்ந்துகொண்டே போகும். 125,000 இடத்தில் தமிழ் அடங்காது, சொல்லை உடைத்து உடைத்துத்தான் கையாள வேண்டும். அதிலும் உங்கள் அப்பா பேசுவது நாஞ்சில்நாட்டுப் பேச்சு. புத்தகத் தமிழ் படித்த கம்ப்யூட்டர் "மக்ளே" என்பதை "மக்களே" என்று திருத்திவிடும். இதைச் சரிசெய்ய ஊர் ஊராகப் பேச்சைப் பதிந்து வைக்க வேண்டும். அந்த வேலைக்கு மூளை ஆபரேஷன் தேவையில்லை, இங்கேயே இப்போதே செய்யலாம். எங்கள் ஹாஸ்டலில் நாலைந்து பேர் இதைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறோம், உங்கள் பதிவைப் படித்த பிறகு இன்னும் தீவிரமாக.

சொற்பட்டியலே வேண்டாத வழியும் வந்துவிட்டது. 2025 ஜூனில் டேவிஸ் குழுவே வெளியிட்டது, செர்கே ஸ்டாவிஸ்கி நடத்தும் ஆய்வுக்கூடம். எழுத்துக்குப் போகாமல் மூளைத் துடிப்பிலிருந்து நேராகக் குரல். முயன்ற கணத்துக்கும் குரலுக்கும் இடையே 25 மில்லிநொடிதான். அதே ஹாரெல் அதில் ஒரு சொல்லை அழுத்திச் சொல்கிறார், வாக்கியத்தைக் கேள்வியாகத் தூக்கி முடிக்கிறார், "ம்ம்" போடுகிறார், சின்ன ராகம்கூடப் பாடுகிறார். கேட்டவர்களுக்கு அறுபது சதவீதச் சொற்கள் புரிந்தன. கருவி இல்லாத அவர் பேச்சில் புரிந்தது 4 சதவீதம். படித்ததும் எனக்கு உங்கள் அப்பாவின் ஏலம்தான் நினைவுக்கு வந்தது. விலையைச் சொல்வதில் எண் பாதி, இழுப்பு பாதி அல்லவா? எழுத்து அந்த இழுப்பைத் தொலைத்துவிடும். இந்த வழி தொலைக்காது.

அம்மா கேட்ட கேள்வி மிக நல்ல கேள்வி. ஆராய்ச்சியாளர்களே அதற்காகத் தனி ஆய்வு செய்தார்கள், 2025 ஆகஸ்டில் ஸ்டான்ஃபோர்டிலிருந்து வந்தது. இதுவரை சொன்ன கருவிகள் வாயை அசைக்க முயன்றால்தான் கேட்கும், சும்மா நினைப்பதைக் கேட்பதற்காகச் செய்தவை இல்லை. ஆனால் முயல்வதே களைப்பு என்பதால், மனதுக்குள் சொல்வதை எடுக்க முடியுமா என்று நாலு பேரிடம் பார்த்தார்கள். சிறந்த அளவு 74 சதவீதம். அப்போது வேறொன்றும் தெரிந்தது: திரையில் உருவங்களை மனதுக்குள் எண்ணச் சொன்னபோது, அந்த எண்கள் கொஞ்சம் வெளியே கசிந்தன. அதனால் பூட்டு வைத்தார்கள். மனதுக்குள் ஒரு குறிப்பிட்ட சொற்றொடரைச் சொன்னால்தான் கருவி கேட்க ஆரம்பிக்கும், அந்தச் சாவியை 98 சதவீதத்துக்கு மேல் சரியாகப் பிடித்தது. சாவி அவர் மனதில் இருக்கும், வேறு யார் கையிலும் இல்லை. அம்மாவிடம் இதைச் சொல்லுங்கள்.

ராஜபாளையத்தான்:

என் மனைவிக்கும் இதே வியாதி. 2019ல் தவறினாள். ஸ்டெம்செல் ஊசி போட்டால் கை வரும் என்று ஒரு இடத்தில் சொன்னார்கள், மூன்று லட்சத்து நாற்பதாயிரம் கட்டினேன். மூன்று ஊசி. ஒன்றும் நடக்கவில்லை. பணம் போனதைவிட, அந்த நாலு மாதம் ரயிலிலும் லாட்ஜிலும் போனதே என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன். அப்போது அவளால் கொஞ்சம் பேச முடிந்தது. வீட்டில் இருந்திருந்தால் உட்கார்ந்து பேசியிருப்போம்.

அவள் குரல் என்னிடம் ஒன்றே ஒன்று இருக்கிறது, கேஸ் சிலிண்டர் புக் செய்யச் சொல்லி அனுப்பியது, ஒன்பது நொடி. மதுரை அம்மா சொல்வதை இன்றைக்கே செய்யுங்கள் மகளே. உங்கள் தம்பியிடம் என் நம்பரைக் கொடுக்கலாம், தனிச்செய்தியில் அனுப்புகிறேன். ஏஜென்ட் என்ன பேசுவார் என்பதை வரிக்கு வரி என்னால் சொல்ல முடியும்.

பிச்சிப்பூ_தோவாளை:

எல்லோருக்கும் கையெடுத்துக் கும்பிடுகிறேன். பத்து நாள் கழித்து எழுதுகிறேன், மன்னியுங்கள்.

மதுரை அக்கா, நீங்கள் கேட்ட கடைசிக் கேள்விக்கு அன்று என்னிடம் பதில் இல்லை. நாங்கள் யாருமே கேட்கவில்லை. பக்கத்து அறையில் படுத்திருந்தவரை வைத்துக்கொண்டு நிலத்தைப் பற்றிப் பேசியிருக்கிறோம்.

பலகை செய்தோம். சாணிக் காகிதம் போல ஒரு சார்ட்தான் கிடைத்தது, பரவாயில்லை. அப்பா எட்டாவது வரை படித்தவர், வல்லினம் மெல்லினம் எனக்கு முன்னால் அவருக்கு நினைவு வந்துவிட்டது. முதல் நாள் அவர் முதலில் சொன்னது "பிச்சி என்ன விலை". தம்பிக்குத் தெரியவில்லை. சந்தைக்குப் போன் போட்டுக் கேட்டுச் சொன்னான். இப்போது தினமும் காலையில் அவன் போய் விலை கேட்டுவந்து சொல்கிறான், கடையைத் திறப்பது பற்றியும் இரண்டு பேருமாகப் பலகையில் பேசுகிறார்கள்.

மூளைக் கருவி எப்படி வேலை செய்கிறது என்று இங்கே எழுதியதை அப்படியே வாசித்துக் காட்டினேன். "முழுதாகத்தான் கூப்பிடுகிறார்" என்ற இடத்தில் திரும்ப வாசிக்கச் சொன்னார். அப்புறம் நிலத்தை விற்கவா என்று தம்பி நேராகக் கேட்டான். பதினோரு நிமிடம் ஆனது. "வேண்டாம். நிலம் அம்மைக்கு." ஏஜென்டுக்குத் தம்பியே போன் செய்து வர வேண்டாம் என்று சொல்லிவிட்டான். அதற்கு முந்தின நாள் ராஜபாளையம் அண்ணாச்சியோடு ஒரு மணி நேரம் பேசியிருந்தான்.

பின்பக்கம் எழுத அப்பா கேட்டவை: "லைட்டை அணை", "அழாதே", "மக்ளே". மூன்றாவதைப் பெரிய எழுத்தில் எழுதியிருக்கிறேன்.

குரல் பதிவுகள் 41 கிடைத்தன. பெரும்பாலும் சந்தையில் இருந்தவர்கள் கொடுத்தது. அதிகாலையில் அனுப்பிய விலைகள். நாகர்கோவிலில் மாலை கட்டுகிற ஒரு அக்கா மூன்று வருடத்தையும் அழிக்காமல் வைத்திருந்தார். அன்றைக்கு "போட்டுட்டாரு" என்று சொன்ன இரண்டு பேரில் ஒருவரும் தேடித் தந்தார், வீட்டுக்கு வந்து அப்பா பக்கத்தில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தார்.

இப்போது ஒரு சந்தேகம். நல்ல பதிவுகள் எல்லாவற்றிலும் பின்னால் லாரி சத்தம், ஆட்கள் கூச்சல். தம்பி ஏதோ ஆப் வைத்துச் சத்தத்தை எடுத்துப் பார்த்தான், அப்பா குரல் தகரத்துக்குள்ளே பேசுவது போல ஆகிவிட்டது. என்ன செய்ய?

அலைவரிசை:

அக்கா, முதலில் தம்பியிடம் சொல்லுங்கள், மூலப் பதிவைத் தொடவே வேண்டாம். சத்தம் எடுக்கிற முயற்சி எல்லாம் நகலில் மட்டும். இன்றைய ஆப் தகரம் ஆக்குகிறது என்றாலும், அடுத்த வருடம் வருவது இதைவிட நன்றாகப் பிரிக்கும், அதற்கு மூலம் வேண்டும். வாட்ஸ்அப்பில் திரும்பத் திரும்ப ஃபார்வர்டு செய்யாமல், கோப்பாகவே நகலெடுங்கள். 41ஐயும் கேட்டு, ஒவ்வொன்றிலும் அப்பா சொல்வதை அவர் சொன்னபடியே எழுத்தில் எழுதி, கோப்பின் பெயரோடு சேர்த்து வையுங்கள். புத்தகத் தமிழாக மாற்றாதீர்கள். குரல் செய்பவர்களுக்குச் சத்தம் இல்லாத பதிவை விட, என்ன சொல்கிறார் என்று தெரிந்த பதிவு பெரிய உதவி.

வாய்மொழி_மதுரை:

அந்த எழுத்து வேலையை அப்பாவையே பக்கத்தில் வைத்துக்கொண்டு செய்யுங்கள் தங்கச்சி. லாரி சத்தத்தில் உங்களுக்குக் கேட்காத விலை அவருக்குத் தெரியும். பலகையில் சொல்வார்.